முன்மேசை நாற்காலி

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று எண்பத்தாறு பேர் பை வாங்கிப் போனார்கள். நான்கு பை மிஞ்சியது. ஒருவர் இரண்டாவது தடவையாக வரிசையில் நுழையப் பார்த்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் எனக்குத் தெரியாதாம். முப்பது வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதித்தவளிடமா இந்த வேலை? யார் பையில் டிக்கெட் இருக்கிறது, யார் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் நடிக்கிறார் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. இல்லாதவர்களுக்கு வாராவாரம் இலவசமாக மளிகை தரும் இந்த உணவு வங்கிக்கு வந்த நாளிலிருந்து முன்மேசை என்னுடையதுதான். அட்டையைப் பார்ப்பேன், பதிவேட்டில் குறிப்பேன், பையைக் கொடுப்பேன். முதுகுக்குப் பின்னால் என்னைச் ‘செக்கரம்மா’ என்கிறார்கள் என்று தெரியும். இன்று என்னோடு இங்கே சேவை செய்யும் நர்ஸக்கா நேராகவே அப்படிக் கூப்பிட்டுவிட்டுப் பயந்துபோய்ப் பார்த்தார். எனக்குக் கோபமே வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

நூலகத்தின் பின்கூடத்தில்தான் எங்கள் உணவு வங்கி நடக்கிறது. எதிரே பேருந்து நிறுத்தம். இன்று அங்கே இறங்கினால், பெஞ்சுக்கு அடியில் எங்கள் பயறுப் பொட்டலம் கிழிந்து கிடக்கிறது. நடைபாதை முழுக்கப் பயறு. புறாக்களுக்கு விருந்து. பக்கத்தில் மாவுப் பை வேறு, உடைந்து, மிதிபட்டு. இது மூன்றாவது வாரம்.

அந்தப் பயறு திங்கட்கிழமை நான் என் கையால் அளந்து கட்டியது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. அதைத் தெருவில் போட்டுவிட்டுப் போக எப்படி மனசு வருகிறது?

வீட்டுக்கு வந்து தங்கையிடம் கொட்டித் தீர்த்தேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று கேட்டேன். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலே, மாடு கடிக்குதோ என்னவோ என்றாள். எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று தொண்ணூறு பை கட்டினோம். அரிசி, பயறு, மாவு, இரண்டு டின், ரொட்டி, ஒரு பிஸ்கட் பொட்டலம். எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரே அளவு. இந்த ஏற்பாடு என்னுடையது. நான் வருவதற்கு முன்பு ஆளாளுக்கு இது கொடு அது கொடு என்று பெரிய சந்தைக்கடையாக இருந்ததாம். சுவரில் பலகை எழுதி மாட்டியதும் நான்தான்: ‘பையை இங்கே பிரிக்கக் கூடாது. பொருள் மாற்றித் தரப்படாது.’ அன்றிலிருந்து சச்சரவு கிடையாது.

மற்றவர்கள் போன பிறகு ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு பயறுப் பொட்டலத்தின் அடியிலும் பென்சிலால் சின்னதாக ஓர் எண். நாளைக்கு எந்த எண் எந்த அட்டைக்குப் போகிறது என்று குறித்துக்கொள்வேன். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் விழிக்கட்டும்.

பிப்ரவரி 19, புதன்

கிடைத்துவிட்டது. கிழிந்த பொட்டலத்தைக் காலால் புரட்டினேன், எண் அப்படியே இருந்தது. அட்டை நாற்பத்தொன்று.

பெயின்டர்! நம்பவே முடியவில்லை. ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு கோணலாகக் கூடிப்போனவர். ஒரு வருடமாக வேலை இல்லை. எப்போதும் கடைசியில் வருவார், வணக்கம் சொல்வார், பையை இடது கையில் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. பேருந்திலும் இப்படித்தான். சத்தம் போடுகிறவனிடம் டிக்கெட் இருக்கும். அமைதியாக உட்கார்ந்திருப்பவனிடம்தான் இருக்காது.

பிப்ரவரி 22, சனி

உணவு வங்கி ஆட்கள் கூடினோம். பென்சில் விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். பாராட்டு என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அப்படித் தோன்றவில்லை.

வேன் ஓட்டும் தம்பி, விட்டுடுங்க அக்கா, ஒரு பொட்டலம்தானே என்றார். நர்ஸக்கா, முதலில் அவரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்போமே என்றார். நான் சொன்னேன்: கேட்டால் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும். முப்பது வருடம் கேட்ட கதைகள் போதும் எனக்கு. ஊரில் இத்தனை பேர் பசியோடு காத்திருக்கிறார்கள், புதிதாக அட்டை கேட்டவர்களே பதினான்கு பேர். தெருவில் போடுகிறவருக்கு எதற்கு?

பொறுப்பாளர் சின்னப் பெண், என்னிடம் எதிர்த்துப் பேசத் தயங்குவாள். மூன்று மாதத்துக்கு அட்டை நிறுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

இன்று பார்த்து அவர் கடைசியில் வரவில்லை. நடு வரிசையில் நின்றார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பின்னால் நிற்பவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எனக்குப் பட்டது. நிறுத்தத்தில் எடுத்த கிழிந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்து, அடியிலிருந்த எண்ணைக் காட்டி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: “வேண்டாம்னா வாங்காதீங்க. வாங்கிட்டுப் போய்த் தெருவில போடாதீங்க. இது எத்தனை பேரோட சாப்பாடு தெரியுமா?”

ஏதாவது மறுத்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். கொண்டுவந்த துணிப் பையை நாலாக மடித்தார். ஒரு கையால் மடிக்க நேரமாயிற்று. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

செய்ய வேண்டியதைத்தான் செய்தேன்.

பிப்ரவரி 26, புதன்

பேருந்து நிறுத்தம் சுத்தமாக இருக்கிறது. ஒரு பயறு கிடையாது.

மார்ச் 4, செவ்வாய்

இன்று வரிசை நகர்ந்த வேகத்தில் ஒரு மணி நேரம் முன்பாகவே முடிந்துவிட்டது. யாரும் நின்று பேசவில்லை. வழக்கமாகத் தன் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லும் பெண், நான் எதுவும் கேட்காமலே, “எல்லாத்தையும் சமைச்சிடுவேம்மா” என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கினாள். சமைப்பாயா என்று நான் கேட்டேனா? அவள் சிரிக்கக்கூட இல்லை.

டிக்கெட் பரிசோதகர் ஏறியதும் பேருந்தில் பேச்சு நின்றுபோகும். அது எனக்குப் பழக்கம்தான். இங்கே இதுவரை இருந்ததில்லை.

மார்ச் 13, வியாழன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

வர முடியாதவர்களுக்கு வியாழக்கிழமை வேனில் பை போகும். கூடப் போகிறவருக்கு முதுகுவலி என்று இன்று நான் போனேன். நான்காவது வீடு, சந்தைக்குப் பின்னாலிருக்கும் பழைய வாடகை விடுதி. ஆளுக்கு ஓர் அறை. நீளமான நடை, ஒரே ஒரு பல்பு, ஈரச் சுவர். கீழ்த்தளத்தில் முழங்கால் மடங்காத ஓர் அம்மா இருக்கிறார். அவர் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘அறைக்குள் சமைக்கக் கூடாது. அடுப்பு இருந்தால் உடனே காலி செய்ய வேண்டும்.’

அதைப் படித்துவிட்டு உள்ளே போனேன். அறையில் கட்டில், ஒரு நாற்காலி, ஒரு மின்கெட்டில். அவ்வளவுதான். என் கையில் அரிசி, மாவு, பயறு.

பையைக் கொடுத்தேன். அந்த அம்மா ரொட்டியையும் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கதவோரம் ஒதுக்கி வைத்தார். ஏற்கெனவே அங்கே இரண்டு பை இருந்தன. ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டேன். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. சாதாரணமாகச் சொன்னார்:

“மாடியில ஒரு பெயின்டர் இருக்காரும்மா. அவருதான் இதையெல்லாம் எடுத்துட்டுப் போவார். அடுப்பு இருக்கிறவங்க யாராவது எடுத்துக்கட்டும்னு பஸ் ஸ்டாப் பெஞ்சு மேல வைப்பார். இப்ப ரெண்டு வாரமா அவரு கீழயே வர்றதில்ல. உடம்புக்கு என்னவோ.”

பெஞ்சு மேல்.

கிழித்தது புறாவோ நாயோ. நான் பார்த்ததெல்லாம் காலையில், எல்லாம் கிழிந்த பிறகு. முழுப் பொட்டலங்களை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், அவை என் கண்ணில் படவே இல்லை.

கொடுக்கிறவர்களிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் சொன்னார்: “சொல்லலாம்னுதான் போனாராம். அங்க போர்டு போட்டிருக்காங்களாம், எதையும் மாத்தித் தரமாட்டோம்னு. கொடுக்கிறவங்ககிட்டப் போய் இது வேணாம் அது வேணாம்னு எப்படிம்மா சொல்றது?”

மீதி வீடுகளுக்கு வேன் தம்பியே இறங்கிப் பை கொடுத்தார். என் முகத்தைப் பார்த்திருப்பார்.

மார்ச் 14, வெள்ளி

தட்டில் சோறு. அப்படியே மூடி வைத்துவிட்டேன். சீ, என்ன பொம்பளை நான்? ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நர்ஸக்கா கேட்கத்தானே சொன்னாங்க. கேட்டா கதை சொல்வான்னு சொன்னேனே, கதை இல்லையே அது. அடுப்பில்லாத மனுஷன் பயறை என்ன செய்வான், மென்னு தின்பானா?

நாலு வருஷமா அந்தப் பையை நான்தான் கட்டறேன். எத்தனை பேர் வீட்டில் அடுப்பில்லையோ.

மார்ச் 16, ஞாயிறு

போனேன். மாடி, கடைசி அறை. ரொட்டி, பழம், பிரித்தால் சாப்பிடக்கூடிய டின்கள் என்று ஒரு பை நிறைய எடுத்துப் போனேன். கதவைத் திறந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. இருபது நாளில் ஒரு மனிதர் இத்தனை இளைக்க முடியுமா? சட்டை கழுத்தில் நிற்கவில்லை.

நின்றபடியே எல்லாம் சொன்னேன். தெரியாமல் பேசிவிட்டேன், என் தப்பு, அட்டையைத் திரும்ப வாங்கித் தருகிறேன், செவ்வாய்க்கிழமை வாருங்கள், நானே முன்மேசையில் இருப்பேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கடைசிவரை கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“கோபமெல்லாம் இல்லீங்க,” என்றார். “நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எனக்குக் கால் வராது. அவ்வளவுதான்.”

பையையும் வாங்கிக்கொள்ளவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினார். கீழ்த்தள அம்மாவிடம் பையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் வழியாகவாவது மேலே போகட்டும்.

மார்ச் 17, திங்கள்

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேரில் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டுவிட்டேன், இதற்குமேல் நான் என்ன செய்ய முடியும் என்றேன். அவள் இன்று மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பேசினாள். “ஏங்க்கா, அவர் சாப்பிடணும்னு போனியா, உனக்கு மனசு ஆறணும்னு போனியா?”

எழுந்து போய்விட்டேன். வயதில் சின்னவள் பேசுகிற பேச்சா இது?

எதற்குத்தான் போனேன்?

மார்ச் 22, சனி

கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். விடுதி, கெட்டில், பெஞ்சு, என் பலகை, எல்லாம். நாற்பத்தொன்றின் நிறுத்தத்தை நீக்கினார்கள். பலகையைக் கழற்ற நாற்காலிமேல் ஏறினேன். ஆணி வர மறுத்தது, தம்பிதான் பிடுங்கினார்.

இனி ஒரே பை கிடையாது. வருகிறவரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அடுப்பா, கெட்டில் மட்டுமா, அதுவும் இல்லையா? மூன்று அலமாரி, அவரவரே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பொறுப்பாளர் இதை ஒரு வருடமாக மனதில் வைத்திருந்தாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தரையைப் பார்த்துச் சிரித்தாள். பதில் புரிந்தது.

மார்ச் 27, வியாழன்

தம்பியிடம் பெயின்டருக்கென்று தனிப் பை கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது நடக்க முடியாதவர்களுக்கு, எனக்குக் கால் நன்றாக இருக்கிறது என்றாராம். கீழ்த்தள அம்மா கொடுத்தனுப்புவதிலும் இரண்டு பிஸ்கட்டுக்கு மேல் எடுப்பதில்லையாம். அது அந்த அம்மாவின் பங்கு என்கிறாராம்.

பிடிவாதம்! எனக்கு அவர் உறவில் யாராவது ஆகவேண்டும். இவ்வளவு அழுத்தம் எங்கள் குடும்பத்தில்தான் உண்டு.

ஏப்ரல் 1, செவ்வாய்

புது முறை இன்று தொடங்கியது. எழுபத்தொன்பது பேரில் இருபத்துமூன்று பேர் வீட்டில் அடுப்பில்லை. இருபத்துமூன்று! எண்ணை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். அதில் நான்கு பேர் என் மேசைக்கு முதல் நாளிலிருந்து வருகிறவர்கள்.

அவர் வரவில்லை. போன வாரம் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாராம். கீழ்த்தள அம்மா தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.

நான் ஒவ்வொரு நிமிடமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து முதலில் தெரிவது என் முகம்தான்.

ஏப்ரல் 5, சனி

மூன்று நாளாக ஒரே யோசனை. எழுதினால் தெளியுமா பார்ப்போம்.

அட்டையைத் திருப்பினேன். முறையை மாற்றினேன். பலகையைக் கழற்றினேன். எல்லாவற்றையும் நகர்த்தினேன், என் நாற்காலியைத் தவிர. அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாததுபோல் மற்றதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த மேசையை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? வேலை முடிந்த நாளில் மாலை போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை எங்கே போவதென்று தெரியாமல் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். ஏறவும் இல்லை. அந்தக் கூடத்துக்குள் நுழைந்த பிறகுதான் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று எனக்கு வந்தது. வரிசையில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை இதுதான்.

ஒருவர் பட்டினி கிடக்கிறார். நான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

ஏப்ரல் 7, திங்கள்

நர்ஸக்காவிடம் பதிவேட்டையும் பேனாவையும் கொடுத்தேன். பின்னறையில் பெட்டி அடுக்க, காலாவதித் தேதி பார்க்க, ஆள் வேண்டுமல்லவா, நான் அங்கே இருக்கிறேன் என்றேன். உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நர்ஸ் புத்தி.

தம்பியிடம் மட்டும் காரணத்தைச் சொன்னேன். வியாழக்கிழமை விடுதிக்குப் போகும்போது கீழ்த்தள அம்மா காதில் போட்டுவைக்கச் சொன்னேன். செக்கரம்மா இப்போது முன்னால் இல்லை என்று மட்டும். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பின்னறையில் ஜன்னல் கிடையாது. முன்கூடத்துக்குப் பொருள் கொடுக்கச் சுவரில் ஒரு சின்னத் திறப்பு, அதற்கு மரக் கதவு. அவ்வளவுதான். வரிசை தெரியாது, குரல் மட்டும் கேட்கும். நர்ஸக்கா ரொம்பப் பேசுகிறார். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன்.

மாமியார் கதைக்காரி இன்று சிரித்துப் பேசியது கேட்டது. மாமியார் புதிதாக ஏதோ செய்திருக்கிறார். முழுக்கக் கேட்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

வரவில்லை. கீழ்த்தள அம்மாவிடம் தம்பி சொல்லிவிட்டாராம். நான் கேட்கவில்லை, அவராகவே வந்து சொன்னார்.

ஏப்ரல் 16, புதன்

என்னை முன்மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பேச்சாம். தங்கையிடம் துணி தைக்க வந்தவர் சொல்லியிருக்கிறார். அவள் மறுத்துச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சாயங்காலம் அவளாகவே எனக்கு ஒரு தம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பத்தரை மணி இருக்கும். டின் பெட்டிகளைப் பிரித்துத் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸக்கா வழக்கம்போல் கேட்டார், வீட்டில் சமைக்க என்ன வசதி என்று. பதில் சொன்ன குரல் எனக்கு உடனே பிடிபடவில்லை. வணக்கமும் அன்று கதவருகே சொன்ன இரண்டு வார்த்தையும் தவிர எதையாவது கேட்டிருந்தால்தானே.

கெட்டில் ஒன்று இருக்கிறது என்றார். கீழே முழங்கால் முடியாத ஓர் அம்மா இருக்கிறார், அவருக்கு மெல்லக் கஷ்டம், மெத்தென்ற ரொட்டியாக இருந்தால் வியாழக்கிழமைப் பையில் போட முடியுமா என்றார். நர்ஸக்கா எழுதிக்கொண்டே, அது சரி, உங்களுக்கு என்ன பிடிக்கும், அதைச் சொல்லுங்கள் முதலில் என்றார். போய்விட்டாரோ என்று பயந்து டின்னைக் கீழே வைத்தேன். பிறகு சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிப்பு உண்டு. கொஞ்சம் கரகரப்பான, பெரிய சிரிப்பு.

“கேட்டுட்டீங்க, சொல்றேன். உப்பு பிஸ்கட் இருக்குமா? இனிப்பு தின்னுத் தின்னு நாக்கு செத்துப்போச்சு.”

அலமாரியில் உப்பு பிஸ்கட் இல்லை. எல்லாம் உள்ளே, என் காலடிப் பெட்டியில் இருந்தது. நர்ஸக்கா திறப்பைத் தட்டி, உள்ளே இருக்கிறதா என்று கேட்டார். என் பெயரைச் சொல்லவில்லை. புத்திசாலி.

வெளியே போய் என் கையால் கொடுக்க வேண்டும் என்று ஒரு கணம் அப்படி ஓர் ஆசை வந்தது. முகத்தைப் பார்க்க வேண்டும், சதை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவின் பிடியில் கை வைத்துவிட்டேன். எடுத்துவிட்டேன்.

மரக் கதவை ஒரு சாண் திறந்து, மூன்று பொட்டலத்தைத் தள்ளி, சாத்தினேன்.

“உள்ள யாருங்க?” என்று அவர் கேட்டது கேட்டது.

“பெட்டி அடுக்குறவங்க,” என்றார் நர்ஸக்கா.

“அவங்களுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிடுங்க.”

பை நிறையும் சத்தம், பிறகு காலடிகள், வாசல் வரைக்கும். அவசரமில்லாமல்தான் போனார். நான் கொஞ்ச நேரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து அடுத்ததைப் பிரித்தேன். தேதி பார்க்க இன்னும் பதினாறு பெட்டி இருந்தது.